ராட்சதப் பொம்மையை விலை பேசும் முன்: டர்பன் காற்றுக்கு ஏற்ற ஒரு சோதனை முறை

சினிமா ராட்சதர்களின் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது முகம். முகம் படத்தில் இருப்பதைப் போலவே இருக்கிறதா, பல்வரிசை சரியா, முதுகுத் தகடுகள் கூர்மையா என்பதில்தான் கண் போகும். அது இயல்பு. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ ஒரு கண்ணாடி அலமாரியில் ஐந்து வருடம் நிற்கப்போகும் பொம்மைக்கு முகம் மட்டும் போதாது. கோடையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும் ஊர் இது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பிளாஸ்டிக் வியர்க்கும், மூட்டு இளகும், அட்டைப்பெட்டி உப்பும். ஆகவே இங்கே பொம்மையை மதிப்பிடும்போது பிளாஸ்டிக்கையும் மூட்டையும் முதலில் பாருங்கள். முகமும் பெட்டியும் அதற்குப் பிறகு.

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி, வெள்ளை ஒளி தரும் டார்ச், 30 செ.மீ. அளவுகோல், காது குடையும் பஞ்சுக்குச்சி நாலைந்து, மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று. வீட்டில் வைத்துப் பார்ப்பதானால் கிராம் காட்டும் சமையலறைத் தராசும் உதவும். ஒரே பொம்மையின் எடையை நம்பகமான இன்னொருவரிடம் கேட்டு ஒப்பிடலாம். போலிகளில் பிளாஸ்டிக் கலவையும் சுவரின் தடிமனும் மாறுவதால் எடை பெரும்பாலும் ஒத்துப்போகாது.

உள்ளங்காலிலிருந்து தொடங்குங்கள்

பொம்மையைக் கையில் வாங்கியதும் தலைகீழாகத் திருப்புங்கள். உள்ளங்கால், தொடையின் உட்புறம், வாலின் அடிப்பக்கம் ஆகிய மூன்றில் ஓரிடத்தில் உரிமை முத்திரை இருக்கும். காட்ஸில்லா, ரோடான், மோத்ரா, கிடோரா என்றால் டோஹோ என்ற ஜப்பானியப் படநிறுவனத்தின் பெயர். கமேரா டோஹோவின் ராட்சதன் அல்ல. 1965இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது டையேய் என்ற இன்னொரு படநிறுவனம். அந்த நிறுவனத்தின் சொத்து 2002இல் கடோகாவாவிடம் போனதால் புதிய கமேரா பொம்மைகளில் கடோகாவா பெயர் வரும். ஃபிராங்கன்ஸ்டைனின் உயிரி, கருங்குளத்து மீன்மனிதன் போன்றவை யூனிவர்சல்.

முத்திரையில் உள்ள ஆண்டைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. '1954' என்று பொறித்திருந்தால் பொம்மை 1954இல் செய்தது என்று பொருள் இல்லை. அது படத்தின், அல்லது அந்தப் பாத்திரத்தின் உரிமை ஆண்டு. போன வருடம் செய்த பொம்மையிலும் அதே எண் இருக்கும். 'ரொம்பப் பழசு' என்று யாராவது அந்த எண்ணைக் காட்டி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். ஆனால் முத்திரை வேறு விதத்தில் வயதைச் சொல்லும். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற படநிறுவனம் 2020இல் டுவென்டியத் செஞ்சுரி ஸ்டூடியோஸ் என்று பெயர் மாறியது. புதுப் பெயர் பொறித்த ஏலியன் பொம்மையை '2010இல் வாங்கியது' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முத்திரையின் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்துச் செய்த போலியில் எழுத்து சோப்பில் எழுதிக் கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். சில போலிகளில் முத்திரையையே தேய்த்து அழித்திருப்பார்கள், அந்த இடம் மட்டும் அசாதாரண வழவழப்பாக இருக்கும். இப்படி அச்செடுக்கும்போது பிளாஸ்டிக் ஆறிச் சுருங்குவதால் போலி அசலைவிடச் சற்றே சிறியதாகிவிடும். அளவுகோல் எதற்கென்றால் இதற்குத்தான்: உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்து, பெட்டியில் போட்ட அளவோடு பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்டியில் போடும் அளவு எப்போதும் உயரம் அல்ல. நெக்கா என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட காட்ஸில்லா வரிசையில் '12 அங்குலம்' என்று இருப்பது தலையிலிருந்து வால் நுனி வரையான நீளம். நிற்கும் உயரம் அதில் பாதியைச் சுற்றித்தான் வரும். இது தெரியாமல் படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பொட்டலத்தைப் பிரித்ததும் ஏமாந்துபோகிறார்கள்.

பிளாஸ்டிக்: தொட்டும் முகர்ந்தும் பாருங்கள்

இந்தப் பொம்மைகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பிளாஸ்டிக் இருக்கும். தோல், வால், முதுகுத் தகடு, நகம் ஆகியவை மென்மையான பிவிசி. மூட்டுகளும் உள்ளெலும்பும் கெட்டியான ஏபிஎஸ். ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகும், அடிபட்டால் உடையும். பிவிசிக்கு வரும் நோய் வேறு, இந்தக் கடற்கரையில் நாம் அதிகம் காண்பதும் அதுதான்.

பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையவைக்க ஒரு வகை எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுவதில்லை, இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏற ஏற மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். காற்றோட்டம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். மூடிய பெட்டிக்குள், பிளாஸ்டிக் தட்டின் அணைப்பில் இருந்தால் பறக்க வழியின்றித் தோலிலேயே படியும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டும், தூசி அதில் அப்பிக்கொள்ளும், இன்னும் முற்றினால் பெயின்டையே கிளப்பிவிடும்.

எனவே விரல் நுனியால் மூன்று இடங்களைத் தொடுங்கள்: வாலின் அடி, அக்குள், இரண்டு தொடைகளும் உரசும் இடம். முன்பக்கத்தை விற்பவர் துடைத்திருப்பார், அக்குளை யாரும் துடைப்பதில்லை. விரலை எடுக்கும்போது லேசாக இழுத்தால் நோயின் தொடக்கம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டுக் கலந்து பிரஷால் கழுவி நிழலில் உலர்த்தினால் போகும். சில மாதங்களில் திரும்பவும் வரலாம், அப்போது திரும்பவும் கழுவ வேண்டும். விலையைக் குறைக்க இது நியாயமான காரணம், வாங்காமல் விடுவதற்கு அல்ல. ஆனால் விரல் பதிந்து ரேகை தெரிந்தால், அல்லது பெயின்ட் தோலாக நகர்ந்தால், அந்தப் பொம்மையை மீட்க முடியாது. வைத்துவிட்டு வாருங்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தால் துடைத்தால் சரியாகும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அசிட்டோன் பெயின்டையும் ஏபிஎஸ்ஸையும் கரைத்துவிடும். ஸ்பிரிட்டும் பெயின்டைத் தூக்கும்.

கறுப்புத் தோலில் வெள்ளையாகத் தெரிந்தால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அது இரண்டில் ஒன்றாக இருக்கும். பவுடர் பூசியதுபோல் சீராகப் படர்ந்து, வாசனையின்றி, ஈரப் பஞ்சில் ஒரே துடைப்பில் வந்துவிட்டால் பிளாஸ்டிக்கின் உள்ளிருந்து வெளிவந்த படிவு. புள்ளி புள்ளியாக, பள்ளங்களில் மட்டும், மழைக்காலத்தில் பூட்டிவைத்த அலமாரி வாசனையோடு இருந்தால் பூஞ்சணம். பூஞ்சணம் பொம்மையைவிட அதன் பெட்டியில் அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியை மற்றப் பெட்டிகளின் பக்கத்தில் வைத்தால் அவற்றுக்கும் பரவும். பொம்மையை மட்டும் வாங்கிப் பெட்டியை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

முகர்ந்தும் பாருங்கள். பழைய பிவிசிக்கு லேசான இனிப்பு வாசனை உண்டு. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் தின்னர் நெடி புதிய மறுபெயின்டையோ மலிவான போலியையோ காட்டும்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம், லெனேஷியாவில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமை, குளிர்காலக் காற்று வறட்டுக் காற்று. அங்கிருந்து வரும் பொம்மையில் பிசுபிசுப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். பொம்மையை மெல்லச் சுற்றி, இடக்கையின் நிறத்தையும் வலக்கையின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். ஜன்னலைப் பார்த்து நின்ற பக்கம் தானே தெரிந்துவிடும்.

மூட்டு: அவசரப்பட்டால் உடைவது இங்கேதான்

சேகரிப்புப் பொம்மையின் உயிர் மூட்டில்தான் இருக்கிறது. ஒரு பத்தாயிரம் வேலைப்பாடு முகத்தில் இருந்தாலும், இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டால் அது சாய்ந்து கிடக்கும் சிலைதான். நான்கு வகை மூட்டுகளைச் சந்திப்பீர்கள். எல்லாப் பக்கமும் சுழலும் பந்து மூட்டு கழுத்திலும் தோளிலும் இருக்கும். கதவுக் கீல்போல் ஒரே தளத்தில் மடங்குவது முழங்கையிலும் முழங்காலிலும். சுற்றிமட்டும் வருவது மணிக்கட்டில். 'டக், டக்' என்று படிப்படியாக நிற்கும் பல்மூட்டு கனமான பொம்மைகளின் இடுப்பில் வரும்.

சோதிக்கும் முறை இதுதான். மூட்டின் இரண்டு பக்கத்தையும் மூட்டுக்கு மிக அருகில் பிடியுங்கள். கையை அசைக்க மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் நெம்புகோல்போல் மொத்த விசையும் தோளின் முளையில், அதாவது கையை உடலோடு கோக்கும் சிறு தண்டில், இறங்கும். அந்த முளை 3 மி.மீ. தடிமன்கூட இருக்காது. மேற்கையைத் தோளோடு ஒட்டிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வழவழவென்று கொஞ்சம் எதிர்ப்போடு நகர்ந்தால் நலம். எதிர்ப்பே இல்லாமல் விழுந்தால் தளர்வு.

நகரவே இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். தோளின் வெளிப்பகுதியைத் திருப்புகிறீர்கள், கண்ணுக்குக் கை கொஞ்சம் சுழல்கிறது, 'சரி, வருகிறது' என்று தோன்றும். உண்மையில் முளையின் தலை உள்ளே பெயின்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது, சுழல்வது முளையின் கழுத்து மட்டும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கிக்கொள்கிறது. கையை விட்டதும் பழைய இடத்துக்கே மெல்லத் திரும்பி வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. டார்ச்சை அந்த இடுக்கில் அடித்தால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் மயிரிழைபோல் வெள்ளைக் கோடு தெரியும். அது பெயின்ட் உரிந்த கோடு அல்ல, பிளாஸ்டிக் நெரிந்து வெளுத்த தழும்பு. ஏற்கெனவே யாரோ முறுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறுக்கில் ஒடியும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த முளை, அதாவது நெருப்பு நிறத் தேகம் கொண்ட 1995 காட்ஸில்லா வகைப் பொம்மைகளில் வருவது, இன்னும் எளிதாக ஒடியும்.

ஒட்டிக்கொண்ட மூட்டை விடுவிக்க வெந்நீர்தான் முறை. கொதித்த நீர் 2 பங்கு, குழாய் நீர் 1 பங்கு கலந்தால் ஏறத்தாழ 75 டிகிரி வரும். மூட்டை மட்டும் 30 முதல் 60 வினாடி முக்கி, துணியால் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். இது வாங்குபவர் வேலை அல்ல, விற்பவர் வேலை. சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பழைய பொம்மை விற்கும் பெரியவரிடம் "அங்கிள், இந்தத் தோள் அசைய மாட்டேங்குது, நான் பலமா திருப்பலை. வீட்டுல வெந்நீர்ல போட்டு அசைச்சிட்டு அடுத்த வாரம் கொண்டு வர்றீங்களா?" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நேர்மையாக விற்பவர் கொண்டுவருவார். துரு நீக்கும் பெட்ரோலிய ஸ்பிரே அடித்துவிட்டுத் தந்தால் வாங்காதீர்கள். பெயின்டையும் சில பிளாஸ்டிக்கையும் அது கெடுக்கும். மூட்டுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

தளர்வைச் சோதிக்க வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மேசையில் நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் மற்றவற்றைப் பார்க்கலாம். கை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் கோடை வெக்கையில் முழுவதும் விழும். தளர்ந்த பந்து மூட்டைக் கழற்றி, தண்ணீரில் கரையும் தெளிந்த அக்ரிலிக் பூச்சு ஒரு மெல்லிய படலம் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துத் திரும்ப மாட்டினால் பிடிப்பு வரும். சூப்பர் குளூ ஊற்றிய மூட்டைக் கண்டால் விலகிவிடுங்கள். பனிபோல் வெண்மை படிந்த ஓரம் அதன் அடையாளம்.

வாலுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். காட்ஸில்லா வகைப் பொம்மையில் வால் அலங்காரம் மட்டும் அல்ல, மூன்றாவது கால். கனமான முதுகுத் தகடுகள் பின்னுக்கு இழுக்க, வால் தரையில் ஊன்றித்தான் பொம்மை நிற்கும். வால் பல துண்டுகளாக முளையில் கோத்திருக்கும், அடித்துண்டின் முளைதான் முதலில் போகும். வாலைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். மாட்டியபின் நடுவில் பிடித்துத் தூக்கினால் அடித்துண்டு தொங்கக் கூடாது. பிறகு வழவழப்பான கண்ணாடி மேல் நிற்கவைத்து விட்டுவிடுங்கள். கணுக்கால் மெல்ல உள்பக்கம் சாய்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரியும். கிடோராவை இப்படி நிறுத்தவே முயல வேண்டாம். விரித்த இறக்கைகளோடு அது தாங்கிக் கம்பி இல்லாமல் நிற்பது அரிது. தாங்கி கூட வருகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

முகமும் உடலும்: எந்தப் படத்து ராட்சதன்?

இப்போதுதான் அழகுக்கு வருகிறோம். ஒரே பெயர் இருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் ராட்சதனாக நடிப்பவர் அணியும் உடை வேறு. எந்தப் படத்து உருவம் என்று பெட்டி சொல்கிறதோ, அதற்கு உடல் சாட்சி சொல்ல வேண்டும். 1954இன் முதல் காட்ஸில்லாவுக்குக் காது உண்டு, பாதத்தில் நான்கு விரல். 1962இல் காதும் போயிற்று, விரலும் மூன்றாயிற்று. 1984இல் இரண்டும் திரும்பி வந்தன. 1989இல் பல் இரட்டை வரிசையாயிற்று. கால்விரலை எண்ணுவதற்குப் பத்து வினாடி ஆகாது, ஆனால் தவறான பெட்டியில் போட்ட பொம்மைகளில் பலவற்றை அதுவே காட்டிக்கொடுக்கும். கிடோரா என்றால் மூன்று தலை, இரண்டு வால், கையே கிடையாது. ஒரு வால் மட்டும் இருந்தால் மற்றது தொலைந்திருக்கிறது. தோல் நிறத்திலும் ஏமாற வேண்டாம். பழைய விளம்பரங்களும் மலிவுப் பொம்மைகளும் பச்சையாகக் காட்டிப் பழக்கிவிட்டன. முதல் காட்ஸில்லாவின் தோல் கரிச்சாம்பல்.

உயரத்திலும் ஒரு சிக்கல். படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 1954இல் 50 மீட்டர், 1984இல் 80, 1991இல் 100, 2016இல் 118.5, 2023இல் மறுபடியும் 50.1. எல்லாவற்றையும் பொம்மையில் 16 செ.மீ. சுற்றிச் செய்கிறார்கள். அப்படியானால் 1954இன் உருவம் ஏறத்தாழ 312இல் ஒரு பங்கு, 1991இன் உருவம் 625இல் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே கட்டடத்தின் முன்னால் நிறுத்தினால் அளவு பொருந்தாது. வரிசையாக அடுக்குபவர்களுக்கு இது பொருட்டல்ல. நகரக் காட்சி அமைப்பவர்கள் வாங்கும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயின்டை இரண்டு தூரத்தில் பாருங்கள். முதலில் கை நீட்டிய தூரத்தில், ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில். டியூப்லைட் மேலே இருந்து விழுந்தால் பள்ளங்கள் மறைந்துவிடும். நல்ல வேலையில் தோலின் பள்ளங்களில் இருண்ட நிறம் இறங்கியிருக்கும், மேடுகளில் வெளிர் நிறம் உலர்ந்த பிரஷால் தொட்டதுபோல் படிந்திருக்கும், முதுகுத் தகட்டின் நுனி படிப்படியாக வெளுக்கும். இரண்டாவதாகப் பூதக்கண்ணாடியில் கண், பல், நகம் மூன்றையும் பாருங்கள். கண்மணி இரண்டும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா? பல்லின் வெள்ளை ஈறில் வழிந்திருக்கிறதா? நகத்தின் அடியில் கோடு நேராக இருக்கிறதா? இந்த மூன்றும் ஒரே தயாரிப்பில் பெட்டிக்குப் பெட்டி மாறும். கடையில் நான்கு இருந்தால் நான்கையும் பெட்டியின் ஜன்னல் வழியே பார்த்து நல்ல கண்ணுள்ளதை எடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில், விலா, தொடை ஓரங்களில் ஓடும். அது இருப்பது குற்றமல்ல. செதில் வரிசையைக் குறுக்கே வெட்டி நகத்தால் தடுக்கும் அளவு மேடாக இருந்தால் தேய்ந்த அச்சு, அல்லது போலி.

மறுபெயின்ட் செய்ததா என்று அறிய, நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் அக்குள் போன்ற மறைவிடத்தில் மூன்று முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் வந்தால் கேள்வி கேளுங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

துணைப்பொருளும் பெட்டியும்

மாற்றுக் கைகள், திறந்த வாய்த் தலை, நெருப்புக் கதிர், தாங்கி என்று பெட்டியின் பின்புறப் படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தட்டில் காலியான குழி இருந்தால் அதன் வடிவமே எது இல்லை என்று சொல்லும். தொலைந்த ஒரு கைக்காக இன்னொரு முழுப் பொம்மை வாங்க நேர்வது இந்தத் துறையில் சாதாரணம். பழையவற்றில் இது இன்னும் முக்கியம். கென்னர் என்ற பொம்மை நிறுவனம் 1979இல் வெளியிட்ட 18 அங்குல ஏலியன் பொம்மையில் தலையின் மேல் மூடும் ஒளிபுகும் கவிகைதான் முதலில் தொலையும். இன்று கிடைப்பவற்றில் பலவற்றுக்குப் புதிதாகச் செய்த கவிகை போட்டிருப்பார்கள். போட்டிருப்பது தவறல்ல, அதைச் சொல்லாமல் அசல் விலை கேட்பது தவறு. கவிகையின் நிறமும் ஓரமும் மற்றப் பிளாஸ்டிக்கின் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாற்பது வருட உடலில் நேற்று வாங்கிய கண்ணாடிபோல் மின்னும் மூடி பொருந்தாது.

பிரிக்காத பெட்டி என்றால் எல்லா ஊரிலும் அதிக விலை. இந்தக் கடற்கரையில் அது ஒரு சூதாட்டம் என்றே சொல்வோம். பத்து வருடம் மூடிக் கிடந்த பெட்டிக்குள் எண்ணெய் கசிந்து பொம்மை தட்டோடு ஒட்டியிருக்கலாம், பார்க்க வழியில்லை. பெட்டியைச் சாய்த்து, ஜன்னல் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் டார்ச்சைச் சரிவாக அடியுங்கள். பனி மூடியதுபோல் மங்கல் படலம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ஒட்டுநாடாவையும் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாடா, அல்லது நாடாவின் அடியில் அட்டையின் நார் கிழிந்து தெரிவது திறந்து மறுபடி ஒட்டியதற்கு அடையாளம். பெட்டியின் அடி மூலையை அழுத்துங்கள், மெத்தென்று இருந்தால் ஈரம் ஏறியது.

மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் தரம் பிரித்து அக்ரிலிக் கூட்டில் அடைத்துத் தரும் பொம்மைகளும் வருகின்றன. அந்த எண் அடைத்த நாளின் நிலைமை. அதன்பின் எந்த ஊர் அலமாரியில் இருந்தது என்பதை அது சொல்லாது.

விலை

முதலில் உலகச் சந்தையில் அதே பொம்மை கடைசியாக விற்றுமுடிந்த விலைகள் நான்கைந்தைப் பாருங்கள். கேட்கும் விலை அல்ல, கைமாறிய விலை. அதை ரேண்டில் மாற்றி, இறக்குமதிச் செலவைக் கூட்டினால்தான் இங்கே விற்பவரின் விலையை ஒப்பிட முடியும். தென்னாப்பிரிக்காவில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம், ஆனால் அது சரக்கின் விலைமேல் நேராக விழுவதில்லை. வெளிநாட்டுக் கப்பல் கட்டணம் சேராத சரக்கு விலையோடு 10 சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகைமேல்தான் வரி போடுவார்கள். 2,000 ரேண்ட் பொம்மை, தீர்வை இல்லை என்று வைத்துக்கொண்டால், 2,200க்கு 15 சதவீதம், அதாவது 330 ரேண்ட் வரி. இதோடு அனுப்பும் செலவும், கூரியர்காரர் சுங்கத்தில் விடுவிக்கக் கேட்கும் கட்டணமும் தனி. மூன்றையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூரில் 2,800 கேட்பவர் பேராசைக்காரர் அல்ல என்பது சில சமயம் விளங்கும்.

கழிக்க வேண்டியதை இப்படிக் கழிப்பது எங்கள் வழக்கம்: லேசான பிசுபிசுப்புக்குப் பத்தில் ஒரு பங்கு, கழற்றிச் சரிசெய்யக்கூடிய தளர்ந்த மூட்டு ஒன்றுக்கு இன்னொரு பத்தில் ஒரு பங்கு, துணைப்பொருள் ஒன்று குறைந்தால் கால் பங்கு. முளையில் வெள்ளைத் தழும்பு இருந்தால் பாதிக்கு மேல் கொடுப்பதில்லை. இது சட்டமல்ல, பேரம் பேச ஒரு பிடிமானம்.

இணையக் கடையில் வாங்கினால் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஏலத்துக்கு இது பொருந்தாது. வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியது பழுது என்றால், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 6 மாத அவகாசம் தருகிறது. வீட்டில் இருந்த ஒன்றை விற்கும் தனிமனிதரிடம் இந்த இரண்டும் செல்லாது. அதனால் அவரிடம் வாங்கும்போதுதான் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் அங்கேயே முடிக்க வேண்டும். படம் மட்டும் அனுப்பி விற்றால் ஐந்து படம் கேளுங்கள்: உள்ளங்கால் முத்திரை, இரண்டு அக்குள், வாலின் அடி முளை, பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம், துணைப்பொருள் எல்லாம் ஒரு தாளின் மேல். கூடவே கையைத் தூக்கி விடும் பத்து வினாடி வீடியோ ஒன்று. தளர்வு படத்தில் தெரியாது, வீடியோவில் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே அலமாரியில் வைக்காதீர்கள். கழுவி உலர்த்தி, மற்றப் பொம்மைகளிலிருந்து தள்ளி இரண்டு வாரம் தனியே வைத்துப் பூஞ்சணமோ பிசுபிசுப்போ திரும்புகிறதா என்று பாருங்கள். அதன்பின் மாலை வெயில் படாத சுவரில், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டரோடு வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். சிலிக்கா ஜெல் பையை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணிநேரம் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். கதவை வாரம் ஒருமுறை, வறண்ட காற்று வீசும் நாளில், அரைமணி திறந்துவிடுங்கள். பொம்மையின் கணுக்காலை அப்போது ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.